துப்பாக்கி சொன்ன எண்பத்தைந்து

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நண்பகலில் எங்கள் ஊர் அசுவாவின் முடிதிருத்தும் கடைகளில் கத்தரிச் சத்தம் நின்றுவிடும். பாதி மழித்த கன்னத்தோடு ஆட்கள் வானொலியைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். குளிர்கால பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அது. எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று நானும் ராதமேஸும் கணித்துச் சொல்கிற நாள்.

ராதமேஸ் குரலுக்குப் பேர்போனவர். என் பங்கு கணக்கு. வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பதால் ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பத்து வயது மூத்த ராதமேஸும் அப்படித்தான் கூப்பிடுவார். நூரிஸ் என்ற என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் கணிப்பில் பெரும்பகுதி தொடக்கப் பிட்சர்களைப் பற்றியதுதான். ஆட்டத்தின் முதல் பந்தை எறிய மைதான நடுவிலுள்ள மண்மேட்டில் ஏறுகிறவர் அவர். ஆட்டத்தின் முதல் பாதியையாவது தாங்கிப் பிடிப்பது அவர் வேலை. அப்படி எறிந்த கை நாலு நாளாவது ஓய்வெடுக்க வேண்டும். அதனால் ஓர் அணிக்கு இப்படி ஐந்து பேர் தேவை. ஐவரும் முறைபோட்டு எறிவார்கள். இந்த ஐந்து கைகளையும் சரியாக எடைபோட்டுவிட்டால் சீசன் எப்படிப் போகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

எங்கள் லீக்கில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவிலிருந்து சம்பளத்துக்கு வரும் பிட்சர்கள் அக்டோபரில் நெருப்பாக எறிவார்கள். டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பெட்டி கட்டுவார்கள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஆனால் கோப்பையை முடிவு செய்யும் ஆட்டங்கள் ஜனவரியில்தான் வருகின்றன. ஆகவே ஓர் அணியின் ஐந்து பெயர்களைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இவர்களில் ஜனவரியில் இங்கே இருக்கப் போகிறவர் யார் என்பதுதான். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இல்லாவிட்டால் அந்த அணியை நான் கீழே தள்ளிவிடுவேன்.

எங்கள் ஊர் அணிக்குக் கூழைக்கடா என்று பெயர். அன்று காலை கூழைக்கடாவுக்கு நான் மனதுக்குள் போட்டிருந்த இடம் ஐந்து. மொத்தமே ஆறு அணிகள்தான்.

காரணம் லியோகாதியோ. உயரமாக, ஒல்லியாக, மின்கம்பத்துக்குத் தொப்பி போட்டது போல இருப்பான். போன ஆண்டு முழங்கையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து எறிந்தே கையைத் திரும்பக் கொண்டுவந்தான். கை குணமாகிவிட்டது என்று அவன் சொன்னதை நான் நம்பியிருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்த சோதனை ஆட்டத்தில் ரேடார் வேறு மாதிரி சொன்னது. அறுவை சிகிச்சைக்கு முன்பு தொண்ணூற்றொரு மைல் வேகத்தில் எறிந்தவன், அன்று எண்பத்தைந்தைத் தாண்டவே இல்லை. பந்தின் வேகத்தை அளக்கும் அந்தக் கருவியைப் பார்த்தால் துப்பாக்கி போல இருக்கும். ஊரில் எல்லாரும் அதைத் துப்பாக்கி என்றே சொல்வோம். வெள்ளி மாலை, "துப்பாக்கி லியோகாதியோவைச் சுட்டுடுச்சு" என்று ராதமேஸ் வானொலியில் சொல்ல, ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து, ஐந்து தொடக்கப் பிட்சர்களின் பெயரை அணியின் மேலாளர் டோன் மில்சியாதெஸ் தானே வாசிப்பதாக ஏற்பாடு. நான்கு இடங்கள் முடிவாகிவிட்டன. ஐந்தாவது இடம் லியோகாதியோவுக்கு, அல்லது ஒஹாயோவிலிருந்து வரத் தயாராக இருந்த ஓர் அமெரிக்கருக்கு. எண்பத்தைந்தைப் பார்த்த பிறகு அந்த இடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை ஆன முப்பத்துமூன்று வயதுப் பிட்சரை ஒரு முறை கழித்துவிட்டால், வேறெந்த அணியும் எடுத்துக்கொள்ளாது.

சனிக்கிழமை காலை நான் மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். முதல் பேஸ், அதாவது முதல் தளம், இருக்கும் பக்கத்து மதிலுக்கு வெளியே தொமித்திலா கடை போட்டிருந்தாள். பெரிய எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போலப் பொரித்தெடுக்கும் யானிகேகேதான் அவள் கடையில் விற்பனை. எனக்கு ஒன்றை எடுத்து நீட்டிக்கொண்டே அவள் சண்டையை ஆரம்பித்தாள்.

"டீச்சர், அந்த ஒல்லிப்பயகிட்ட சொல்லி வைங்க. நேத்து மூணு பந்து மதிலைத் தாண்டி வந்துச்சு. ஒண்ணு சட்டிக்கு இம்புட்டுத் தள்ளி விழுந்துச்சு. எண்ணெய் மேல தெறிச்சிருந்தா என் மூஞ்சிய யாரு பார்ப்பாங்க?"

"பந்தை அவன் அடிக்கலையே, எறியத்தானே செஞ்சான்? அடிச்சவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

"அடிச்சவனுங்க பூராம் நோஞ்சானுங்க. மட்டையைச் சுத்துறதுக்குள்ள பந்து கடந்து போயிருது. ஓரத்துல பட்டுப் பட்டு இந்தப் பக்கம்தான் வருது."

"எல்லாம் இந்தப் பக்கமேவா?"

"பின்ன? அந்தப் பக்கம் கடை போட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்ல?"

யானிகேகே என் வாயிலேயே நின்றது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வலக்கைக்காரர் மட்டையைச் சுழற்றும்போது சரியான நேரத்தில் பந்து பட்டால் நேராகப் போகும். முந்திக்கொண்டு சுழற்றினால் இடப்பக்கம், அதாவது மூன்றாவது தளப் பக்கம் போகும். பிந்திச் சுழற்றினால் வலப்பக்கம், முதல் தளப் பக்கம் போகும். கதவு பாதி திறந்திருக்கும்போது அதில் பந்து பட்டால் ஒரு திசையிலும், முழுதும் திறந்த பிறகு பட்டால் வேறு திசையிலும் போகும் அல்லவா, அது போலத்தான். வெள்ளிக்கிழமை லியோகாதியோவை எதிர்கொண்டவர்கள் எல்லாரும் வலக்கைக்காரர்கள். பந்துகள் தொமித்திலாவின் கடைப் பக்கம் வந்தன என்றால் அவர்கள் எல்லாருமே பிந்திச் சுழற்றியிருக்கிறார்கள். எண்பத்தைந்து மைல் வேகப் பந்துக்கு எங்கள் ஆட்கள் பிந்துவதில்லை. அதை அவர்கள் காலை உணவுக்கு முன்பே அடிப்பார்கள்.

மட்டைகள் ஒன்று சொல்கின்றன, துப்பாக்கி வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

உள்ளே போனபோது லியோகாதியோ தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். ஒரு துணிப்பையில் காலணி, துண்டு, தைலப் புட்டி. அவர்கள் போகச் சொல்வதற்கு முன்பு தானே போய்விட நினைத்திருக்கிறான் என்று புரிந்தது.

"பன்னெண்டு மணி ஆகலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

"ரேடியோவுல என் பேரு வராதத, இங்க உக்காந்து கேக்கணுமா டீச்சர்?" அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "இடம் போனாக்கூடப் பரவால்ல. நேத்து கை எனக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சு. பந்து விரல்லேர்ந்து கழண்டு போறப்ப சொடக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கு அப்புறம் அந்த நம்பர். என் கையே எனக்குப் பொய் சொல்லுதுன்னா, நான் யாரை நம்புறது?"

"கை பொய் சொல்லலையோ என்னவோ. நீ பத்து நிமிஷம் இரு. எங்கயும் போகாத."

சிப்ரியான் வரவேற்பறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாகத் துப்பாக்கி பிடிப்பவர் அவர். கருவியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், பச்சைக் குழந்தையைத் திருமுழுக்குக்குக் கொண்டுபோவது போல இருக்கும்.

"நேத்து துப்பாக்கி எதுலயாவது மோதுச்சா?" என்று கேட்டேன்.

"மோதுறதா? என் பொண்டாட்டிய விட இதை நல்லாப் பாத்துக்கறேன்."

"அதான் அவ அவங்கம்மா வீட்டுல இருக்கா" என்றார் பின்னால் வந்து நின்ற ராதமேஸ்.

"நேத்து எங்க உக்காந்து அளந்தீங்க?" என்றேன்.

"எப்பவும் போல, பந்தை வாங்குற கேட்சருக்கு நேர் பின்னால. முதல் வரிசை, நடு நாற்காலி."

"நாள் பூராவுமா?"

சிப்ரியான் கோப்பையைக் கீழே வைத்தார். "மதியத்துக்கு அப்புறம் ஞானத்தாய் வந்துச்சு."

ஒவ்வொரு சீசனுக்கும் எங்கள் அணிக்கு ஒரு ஞானத்தாய் உண்டு. வயதான பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் அழகான ஓர் இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்துத் தோளில் பட்டை அணிவித்து அணியை அவள் ஆசீர்வாதத்தில் ஒப்படைப்போம். இந்த ஆண்டு யானெலிஸ். முடி அலங்காரம் முடிய மதியம் ஆகிவிட்டதால், தோழிகளும் குடையுமாகத் தாமதமாகத்தான் வந்தாள்.

"அப்புறம்?"

"வந்தா, நான் எந்திரிச்சு இடம் குடுத்தேன். ஞானத்தாய் நிக்கும்போது உக்காந்திருக்கச் சொல்றீங்களா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

"எந்திரிச்சு எங்க போனீங்க?"

"மூணாவது தளத்துப் பக்கம், ஆட்டக்காரங்க உக்கார்ற டக்அவுட் முனைக்கு. நல்ல நிழல். அங்கேர்ந்தும் பந்து நல்லாத் தெரியுது டீச்சர், ஒண்ணும் கொறை இல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அமெரிக்கர்கள் காலையில் எறிந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் மதியத்துக்குப் பிறகு எறிந்தார்கள். மதியத்துக்குப் பிறகு எறிந்த எல்லாருக்குமே வேகம் குறைவாக வந்திருந்தது. இளைஞர்கள் இருவரைப் பற்றி, வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு மந்தமாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். லியோகாதியோவுக்கு முழங்கையைக் காரணமாகச் சொன்னோம்.

துப்பாக்கி பந்தின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. தனக்கும் பந்துக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை மட்டுமே அது அறியும். உங்களை நோக்கி நேராக நடந்து வருகிறவன் ஓர் அடி வைத்தால், ஓர் அடி கிட்டே வருகிறான். உங்களைத் தாண்டிப் போக வேண்டும் என்று சற்றுப் பக்கவாட்டில் நடக்கிறவன் அதே அடி வைத்தாலும், முழு அடி அளவுக்குக் கிட்டே வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டால், அவன் மெதுவாக வருவதாகத் தோன்றும். பக்கத்தில் போய் உட்கார்ந்த துப்பாக்கியும் அப்படித்தான் ஏமாந்தது. கேட்சருக்குப் பின்னாலிருந்து டக்அவுட் முனைக்கு விலகிப் போனால் தொண்ணூறுக்கு ஐந்தாறு மைல் குறையும். சரியாக அந்த ஐந்தாறைத்தான் லியோகாதியோ இழந்திருந்தான்.

இதைக் கேட்டு ராதமேஸ் தாடையைச் சொறிந்தார். "சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா டோன் மில்சியாதெஸ் கணக்குல பெயிலானவரு. அவருக்குக் கண்ணுல காட்டணும்."

"உங்க பைக் இருக்கா?"

"இருக்கு. ஸ்பீடாமீட்டர்தான் செத்துப் போச்சு."

"அது தேவையில்ல. மூணாவது கியர்ல முழுசா முறுக்கினா எவ்ளோ போகும்?"

"எவ்ளோ போகுமோ அவ்ளோதான் போகும். அதுக்கு மேல சாமியே வந்து தள்ளினாலும் போகாது."

எனக்கு வேண்டியது அதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஒரு பொருள். மைதானத்துக்கு வெளியே இருந்த நேர்ச் சாலையில் சிப்ரியானை நடுவிலேயே நிற்க வைத்தேன். ராதமேஸ் பைக்கை முறுக்கிக்கொண்டு நேரே அவரை நோக்கி வந்தார். வயிறு முன்னாலும் சட்டை பின்னாலும் பறந்தன. சிப்ரியான் கடைசி நொடியில் ஓரத்துக்குக் குதித்து, "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினார்.

அடுத்த முறை அவரை வாழைத்தோட்ட வேலிப் பக்கம் தள்ளி நிறுத்தினேன். அதே கியர், அதே முறுக்கு. விளக்குக் கம்பத்தை பைக் தாண்டும்போது அளக்கச் சொன்னேன்.

"முப்பத்தெட்டு" என்றார் சிப்ரியான். "ஐயய்யோ டீச்சர். அந்தப் பையனை நானா கொன்னேன்?"

"யாரும் யாரையும் கொல்லல. ஒரு பெண்ணுக்கு இடம் குடுத்தீங்க, அவ்ளோதான். நாப்பதுல மூணு கொறைஞ்சா தொண்ணூறுல இன்னும் அதிகமாக் கொறையும். வேகம் கூடக் கூடப் பிழையும் கூடவே வளரும்."

டோன் மில்சியாதெஸ் வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரொம்ப அழகு" என்றார். "ஆனா ஜனவரியில பைக்கை மேட்டுல ஏத்தி எறியச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கையைப் பார்க்கணும், இப்பவே."

"நேத்துதான் எறிஞ்சிருக்கான் டோன் மில்சியாதெஸ். தையல் போட்ட முழங்கை. இன்னிக்கு மறுபடி முழு வேகத்துல எறியச் சொல்றது சரியில்ல."

"அப்ப நான் ஒஹாயோக்காரன் பேரைப் படிக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு சீசன் என் தலை மேல இருக்கு."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லியோகாதியோ வாசலுக்கு வந்திருந்தான். பத்து நிமிடம் என்று நான் சொன்னது எப்போதோ தாண்டிவிட்டது. பைக் விவகாரத்தை அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது.

"வேணாம் டீச்சர். நேத்து அந்த நம்பர் ஒரு தடவை வந்தது போதும். ரெண்டாவது தடவையும் அதுவே வந்துச்சுன்னா, அப்புறம் எனக்குச் சொல்லிக்க ஒரு சாக்குக்கூட இருக்காது."

நான் அவனை வற்புறுத்தவில்லை. தப்பான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் இருந்தது. கணக்கு சரிதான். ஆனால் கை அவனுடையது, நாளைக்கு வலிக்கப் போவதும் அவனுக்குத்தான்.

அவன் முழங்கையை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகு பையை இறக்கி வைத்தான்.

"மூணு பந்து. நல்லா சூடு பண்ணிக்கிட்டு மூணே மூணு. நாலாவது கேட்டா நான் வீட்டுக்குப் போறேன்."

அரை மணி நேரம் அவன் மெதுவாக எறிந்து தோளைத் தளர்த்திக்கொண்டான். நடு நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் சிப்ரியான் கையை விரித்துக் காவல் காத்தார். டோன் மில்சியாதெஸ் வந்தபோதுகூட, "மன்னிச்சுக்குங்க ஐயா, போப்பாண்டவரே வந்தாலும் இன்னிக்கு எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

முதல் பந்து கேட்சரின் கையுறையில் மொத்தென்று விழுந்தது.

"எண்பத்தெட்டு."

லியோகாதியோ எங்களைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஒரு நீண்ட மூச்சு விட்டான். இரண்டாவது பந்தின் சத்தம் வேறாக இருந்தது. பலகை பிளந்தது போல.

"தொண்ணூறு."

மூன்றாவது பந்தை கேட்சர் வாங்கியதும் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை உதறினான்.

சிப்ரியான் கருவியைத் திருப்பி டோன் மில்சியாதெஸிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணு" என்று அவரே வாசித்தார்.

லியோகாதியோ மேட்டிலிருந்து நேரே என்னிடம் வந்தான். அந்த எண்ணைப் பற்றி அவன் கேட்கவில்லை. "அப்ப நேத்து எனக்குத் தோணினது நிஜம்தானா டீச்சர்?" என்றான்.

"நிஜம்தான். கையும் நிஜம், சொடக்கும் நிஜம்."

அவன் முதல் தளப் பக்கத்து டக்அவுட் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தொமித்திலா மதிலுக்கு மேலே கையை நீட்டி ஒரு யானிகேகேயை எறிந்தாள். எறிந்தது கொஞ்சம் பக்கவாட்டில்தான். அவன் அதைப் பிடித்து, பாதி தின்று, மீதியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் சாய்ந்தான். இரண்டு இரவுகளாகத் தூங்காதவன் என்று பிறகு சொன்னார்கள். யாரும் எதையும் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு, மைதானத்து ஒலிபரப்பு அறையில் டோன் மில்சியாதெஸ் ஐந்து பெயர்களையும் வாசித்தார். ஐந்தாவது பெயரை வாசிக்கும்போது ராதமேஸ் ஒலிவாங்கியை நெருங்கி, "நேத்து துப்பாக்கி சுட்டுடுச்சுன்னு சொன்னேன். குறி தப்பிடுச்சுங்க" என்றார். ஞானத்தாயை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்றும், நாற்காலியை இன்னொரு முறை அவளுக்குக் கொடுப்பதாக இருந்தால் துப்பாக்கியை அவள் மடியிலேயே கொடுத்துவிடலாம் என்றும் நான் கேட்டுக்கொண்டேன்.

கூழைக்கடாவை நான் மூன்றாவது இடத்தில் வைத்தேன். "ஐஞ்சுலேர்ந்து மூணா? ஒரே காலையிலயா?" என்று ராதமேஸ் கிண்டல் செய்தார். பெட்டிகள் கட்டப்படுகிற டிசம்பருக்குப் பிறகும் இந்த ஊரிலேயே இருக்கப் போகும் ஒரு கை இப்போது எங்களிடம் இருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினேன். விளக்கம் நீண்டுவிட்டது. அவர் இரண்டு முறை மணியைப் பார்த்தார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது தொமித்திலா தன் கடையை மதிலோரத்திலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தகரம் ஒன்றைக் கட்டுவதற்கு மச்சானை வரவழைத்திருந்தாள்.

"என்ன இது, கடை மாறுதா?" என்றேன்.

"ரேடியோவுல பேரு வந்துச்சுல்ல? இந்த சீசன் பூரா அவன் எறிவான். அடிக்கிறவனுங்க பூரா பிந்தித்தான் சுத்துவானுங்க, பந்தெல்லாம் இங்கதான் வரும்" என்றாள். "சத்தம் போடாதீங்க டீச்சர். உள்ள பையன் தூங்குறான்."